கண்ணாடி தொலைத்தவளின் கதை

அந்த வேனை ஓட்டுகிறவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ஒலிபெருக்கியை விழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்று அவளுடைய அண்ணன் சொல்வான். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். முதலில் வேலைக்குப் போன துணிக்கடையில், ஒரு அம்மாள் காதோடு காதாகச் சொன்ன இடுப்பளவை இவள் உள்ளே இருந்த ஆளுக்கு அப்படியே ஒலிபரப்ப, கடையே திரும்பிப் பார்த்தது. அன்று மாலையே அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது.

அண்ணனிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு பள்ளி வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தொண்டைக்கு ஒரு மரியாதை வந்தது. பின்னால் ஒருவன் இன்னொருவன் முடியைப் பிடித்து இழுத்தால், தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு அதட்டல் போடுவாள். பக்கத்தில் பைக்கில் போகிறவன்கூட தான் என்ன தப்புச் செய்தோம் என்று ஒரு நிமிடம் யோசிப்பான். காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறு ஏறு, பேச்சு அப்புறம்!" என்று கத்தினால் ஒரு தெருவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் வேன் அக்காதான். இப்போது நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

கதை சொல்லும் பழக்கம் பாலம் கட்டும் வேலையால் வந்தது. பெரிய சாலையைத் தோண்டிப் போட்டதிலிருந்து வேன் நகராமல் நிற்கும் நேரம்தான் அதிகம். நின்ற வண்டிக்குள் பிள்ளைகளை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஒன்று அழும், ஒன்று கிள்ளும், ஒன்று வாந்தி வருகிறது என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எல்லாரும் வாயை மூடினா ஒரு கதை சொல்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எல்லா வாயும் மூடிக்கொண்டது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அவளுக்குத் தெரிந்தவை எல்லாம் சின்ன வயதில் ஒரு படப்புத்தகத்தில் பார்த்த தூரதேசத்துக் கதைகள். அந்தப் புத்தகத்திலும் பாதிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. ஆனால் அரைகுறையாகத் தெரிந்த கதையைச் சொல்வதில் ஒரு வசதி உண்டு, மீதியை நாமே கட்டிக்கொள்ளலாம். சிவப்பு முக்காடு போட்டுக்கொண்டு காட்டுவழியே போன சிறுமியின் கதையைத்தான் முதலில் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே, "காடு எப்படி இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். வேன் அக்கா காட்டைப் பார்த்ததே இல்லை. சட்டென்று காட்டை வெட்டிச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினாள். முக்காடு மழைக்கோட்டு ஆனது. காய்ச்சலில் படுத்திருக்கும் பெரியம்மாவைப் பார்க்க அந்தப் பெண் லிஃப்டில் போனாள். ஓநாய், கூரியர்காரன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மணி அடித்தது. "கையெழுத்துப் போடணும், கதவைத் திறங்க மேடம்" என்று அது குழைந்தபோது வேன் மொத்தமும், "திறக்காதீங்க! திறக்காதீங்க!" என்று அலறியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நூறு வருடம் தூங்கிய ராஜகுமாரியை இரண்டு நாளில் எழுப்பிவிட்டார்கள், ஏனென்றால் அத்தனை நாள் லீவு போட்டால் பள்ளியில் பேரை எடுத்துவிடுவார்களாம். வீடு கட்டிய மூன்று பன்றிகள் தார்ப்பாய், பலகை, செங்கல் என்று கட்டின. செங்கல் ஏற்றிய வண்டிக்கு எத்தனை சக்கரம் என்பதில் ஒரு சண்டையே வந்தது. அந்தச் சண்டையைக் கிளப்பியவன் எந்தக் கதையிலும் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தாமல் விடமாட்டான். அவனுக்கு லாரி என்றே பெயர். சண்டையைத் தீர்த்துவைத்தவள் ரேடியோ. அவளை யாரும் போட வேண்டாம், தானாகவே பாடும். காலையில் ஏறும்போதே, "அக்கா, நேத்து விட்ட இடத்துலேர்ந்து!" என்று தொடங்குவாள். வேன் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதைக்குள் பாய்ந்துவிடுவாள். வழியில் சிக்னல் சீக்கிரம் பச்சையாகிவிட்டால் அவளுக்கே கோபம் வர ஆரம்பித்தது.

இத்தனை கூச்சலுக்கும் நடுவே கடைசி வரிசை ஜன்னலோரம் ஒரு பெண் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒன்பது வயதுப் பெண். காலையில் முதலில் ஏறுகிறவளும் மாலையில் கடைசியாக இறங்குகிறவளும் அவள்தான். வேன் நிற்கிற தெருவில் அவள் வீடு இருக்கிறது, அதனால் அப்படி என்று மற்றப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேன் நிற்பதே அவள் வீட்டு வாசலில்தான் என்பது யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். வேன் அக்காவுக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. அவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை பார்ப்பவர். முதல் மனைவி இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பெண் அவருடைய மகள். வீட்டில் அப்பா அவளைக் குட்டி என்று கூப்பிடுவார். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர், குட்டி என்பது வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற பெயர்.

குட்டி சண்டைக்காரியில்லை. சொன்னதைச் செய்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள். ஆனால் வேன் அக்காவை எப்படியும் கூப்பிட மாட்டாள். "அப்பா, அவங்ககிட்ட சொல்லுங்க, தண்ணி பாட்டில் மூடி உடைஞ்சு போச்சு" என்பாள், அவங்க அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார்கள். அப்பா ஊரில் இல்லாத நாளில் பக்கத்தில் வந்து நின்று லேசாக இருமுவாள். வேன் அக்கா ஓடி வந்து, "என்னம்மா, என்ன வேணும்?" என்று கேட்டு வீட்டையே அதிரவைப்பாள். அம்மா என்று கூப்பிடச் சொல்ல அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அந்த இடம் இன்னொருத்தியுடையது. சித்தி என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஏங்கினாள். உள்ளதைச் சொன்னால், அதற்காக ராத்திரியில் அழுதுகூட இருக்கிறாள்.

குட்டியைக் குறை சொல்லவும் முடியாது. பழைய பள்ளியில் ஒரு தோழியிடம், வீட்டுக்குச் சித்தி வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். "அப்பாவைக் கட்டிக்கிட்ட சித்தியா? ஐயோ, சூடு வைப்பாங்களா?" என்று அந்தத் தோழி கேட்டாள். அதோடு விட்டாளா? தினமும் காலையில் இவள் சட்டைக் கையைத் தூக்கித் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் வகுப்பே பார்க்க ஆரம்பித்தது. பாவம் பாவம் என்று ஆளாளுக்குப் பென்சிலும் மிட்டாயும் கொடுத்தார்கள். வேன் அக்கா வண்டி ஓட்டும் பள்ளிக்கு மாறி வந்த அன்று, அப்பா மூலமாக ஒரு கோரிக்கை வந்தது. "வேன்ல அவங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம்." வேன் அக்காவும் சரி என்றாள். முதல் நாள் சாயங்காலமே பள்ளி வாசலில் நின்று, "ஏறும்மா, உன் பேர் என்ன?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். நடிப்பில் அவளை அடிக்க ஆளில்லை.

இப்படியிருக்கையில்தான் ரேடியோ அந்தக் கதையைக் கேட்டாள். வீட்டு வேலை எல்லாம் செய்துவிட்டு ஒரு பெண் ராஜா வீட்டு விருந்துக்குப் போகிறாள், திரும்பி ஓடி வரும்போது கண்ணாடியில் செய்த செருப்பு ஒன்று கழன்று விழுந்துவிடுகிறது, அந்தக் கதை. வேன் அக்கா இவ்வளவு நாளும் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கதையில் ஒரு சித்தி இருக்கிறாள். ஆனால் ரேடியோ விடுகிற ஆளா? சரி, சித்தியை நைசாக நழுவவிட்டுவிடலாம் என்று கதையைத் தொடங்கினாள். மெக்கானிக் அம்மா ஒருத்தி வந்து காய்கறிக் கூடையை வேனாக மாற்றித் தந்தாள். மொட்டைமாடியில் விருந்து. மின்சாரம் போவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், போனால் வேன் மறுபடியும் கூடை ஆகிவிடும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டுனு கரண்ட் போச்சு! இருட்டுல படியில தடதடன்னு ஓடி வர்றா. ஓடி வர்றப்போ கண்ணாடிச் செருப்பு தொலைஞ்சு போச்சு!"

சரியாக அந்த இடத்தில் பக்கத்தில் நின்ற தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. வேன் அக்காவின் தொண்டையையே அமுக்கிவிட்ட ஹாரன் அது ஒன்றுதான்.

"பவர் எவ்வளவு?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

வேன் அக்கா தலைக்கு மேல் கண்ணாடியைப் பார்த்தாள். குட்டி! எழுந்து நின்று, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, நேராக அவளிடம் கேட்கிறாள். இருமல் இல்லை, நடுவில் அப்பா இல்லை.

"எதோட பவர்?"

"தொலைஞ்சு போன கண்ணாடியோட பவர்."

அப்புறம் வேன் சிரித்தது பாருங்கள்! "ஐயோ, மூக்குக் கண்ணாடி இல்ல, செருப்பு! கண்ணாடிச் செருப்பு!" என்று ரேடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் செருப்பை விழுங்கிவிட்டது, குட்டிக்குக் கிடைத்தது வெறும் கண்ணாடி. லென்ஸ் தேய்ப்பவர் மகளுக்குக் கண்ணாடி என்றால் வேறு என்ன தோன்றும்? அவள் முகம் சிவந்து, மெல்ல உட்காரப் போனாள்.

"எவ அவ செருப்புன்னு சொன்னது?" வேன் அக்கா போட்ட அதட்டலில் தண்ணீர் லாரிக்காரனே திரும்பினான். "நான் செருப்புன்னா சொன்னேன்? கண்ணாடியில செருப்பு செஞ்சு போட்டா உடைஞ்சு கால்ல குத்தாது? மூக்குக் கண்ணாடிதான்! அந்தப் பொண்ணு கண்ணாடி போட்ட பொண்ணு. கண்ணாடிதான் தொலைஞ்சுது."

வடிகட்டின புளுகு. ஆனால் கடைசி வரிசையில் அந்தப் பெண் மறுபடியும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்போ வலது கண்ணுக்கு ஒரு பவர், இடது கண்ணுக்கு வேற பவர் வைங்க. சிலிண்டரும் வைங்க. அப்பதான் வேற யாருக்கும் சேராது."

"கேஸ் சிலிண்டரா?" என்று லாரி ஆசையாகக் கேட்டான்.

"கண்ணாடிப் பவர்ல வர்ற சிலிண்டர்டா!" என்றாள் குட்டி.

கதை தீப்பிடித்துக்கொண்டது. விருந்து கொடுத்த வீட்டுப் பையன் படியில் கிடந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். எல்லாப் பெண்களும் போட்டுப் பார்க்கிறார்கள். ஒருத்திக்குச் சுவர் நடந்து வருகிறது, ஒருத்திக்கு அவனே இரண்டாகத் தெரிகிறான். எதிரே இருக்கிற கடைப் பலகையைப் படிக்கச் சொல்கிறான், ஆளாளுக்கு ஒன்று உளறுகிறார்கள். யார் தடுமாறாமல் படிக்கிறாளோ அவள்தான் இவள்! அத்தனையும் குட்டி கொடுத்த யோசனைகள். கடைசியில் கல்யாணமா என்று ரேடியோ கேட்டதற்கும் அவளே பதில் சொன்னாள். "கல்யாணம் எல்லாம் வேணாம். கண்ணாடியக் குடுத்துட்டுப் போகட்டும். அவளுக்குக் கண்ணு தெரிஞ்சா போதும்." சொல்லச் சொல்ல அவள் கடைசி வரிசையிலிருந்து நடு வரிசைக்கு வந்தாள். நடுவிலிருந்து ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வந்தாள். கழுத்தில் அவள் மூச்சுப் பட்டபோது வேன் அக்கா கியரை மாற்ற மறந்து, வண்டி உறுமியது.

சந்தோஷம் அந்த வாரத்துக்குத் தாக்குப் பிடித்தது. அப்புறம் ரேடியோ கதையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

"ஏன்க்கா, அவளை வீட்டு வேலை எல்லாம் செய்யச் சொன்னது யாரு?"

"அது... யாரோ."

"யாரோ இல்ல, சித்தி! எல்லாக் கதையிலயும் சித்திதான் கெட்டவங்க, சூடு வைப்பாங்க. எனக்குத் தெரியும்."

குட்டியின் மூச்சு கழுத்திலிருந்து விலகியது. மறுநாள் அவள் மறுபடியும் கடைசி வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வேன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவைக் கட்டிக்கொண்டவளும் சித்திதான். ஒருத்தி மடியில் வைத்துக் கொஞ்சுகிறவள் என்றும் இன்னொருத்தி சூடு வைக்கிறவள் என்றும் யார் பிரித்து எழுதி வைத்தது? கையில் கிடைத்தால் அந்த ஆளை வேனுக்குக் கீழே படுக்கவைத்து ஆயில் மாற்றச் சொல்லியிருப்பாள்.

அந்த ஞாயிறு லாரியின் அம்மா போன் செய்தார். "என்னங்க கதை சொன்னீங்க? என் தங்கச்சி ஆசையா வந்திருக்கா. சித்தி வந்திருக்கேன்டான்னு கூப்பிட்டா, பையன் கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சிக்கிட்டு வரமாட்டேங்கிறான். எனக்குச் சூடு வைக்காதீங்கன்னு அழறான். அவ பாவம், திரும்பிப் போறேன்னு பையை எடுத்துட்டா." வேன் அக்கா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டாள். திங்கட்கிழமையே கதையைத் திருத்தினாள். வேலை வாங்கினது சித்தி இல்லை, மாடி வீட்டு ஓனரம்மா என்று அறிவித்தாள். அந்த வேனில் யார் வீட்டு மாடியிலும் ஓனரம்மா இல்லையே என்று முதலில் விசாரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆனால் கதை அதற்குள் வேனைவிட்டு இறங்கிவிட்டது. மதிய இடைவேளையில் பிள்ளைகள் அதை நடித்து விளையாடியதை வகுப்பு மிஸ் பார்த்துவிட்டார். ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாகப் போடலாம் என்று குதித்தார். போட்டார் ஒரு நிபந்தனை, "ஓனரம்மா எல்லாம் எடுபடாது. சித்தி இருந்தாத்தான் கதை நிக்கும்." சாயங்காலம் ரேடியோ வேனில் ஏறியதுமே ஒலிபரப்பினாள்.

"அக்கா, நான்தான் கண்ணாடி தொலைச்ச பொண்ணு! லாரிதான் வீடு வீடா வர்ற பையன்! சித்தி வேஷம் யாருமே மாட்டேன்னுட்டாங்க. யாரு கை தூக்கினா தெரியுமா? இவதான்! அவளே கை தூக்கினா!"

குட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பாலத்தில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்றே வேன் அக்காவுக்குத் தெரியாது.

அடுத்த இடி வீட்டில் விழுந்தது. துவைத்த காக்கிச் சட்டையை அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது.

"என்னம்மா?"

"இந்தச் சட்டை ஒண்ணு வேணும்."

"எதுக்கும்மா?"

"வேஷத்துக்கு."

"சித்தி வேஷத்துக்கா?"

குட்டி தலையாட்டினாள். வேன் அக்கா சட்டையை மடித்துக் கொடுத்தாள். அவள் போனதும் நேராகக் கணவரிடம் போனாள். "என்னங்க, ஊரே பார்க்க என்னை மேடையில ஏத்தப் போறா உங்க பொண்ணு" என்றாள். அவர் கண்ணாடித் துணியால் எதையோ துடைத்துக்கொண்டே, "நாடகம்தானே, எதுக்கு இப்படிப் பதறுற?" என்று சிரித்தார். ஆண்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் படுத்துக்கொண்டு இந்த ஒரு வருடத்தை ஓட்டிப் பார்த்தாள். மழையில் நனைந்து வந்ததற்குக் கத்தினாள். சிக்கு எடுக்கும்போது தலையைப் பிடித்து இழுத்தாள். மிச்சம் வைத்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக் கத்தினாள். காய்ச்சல் வந்தபோதும் பயத்தில் கத்தினாள், டாக்டரிடமும் கத்தினாள். கத்தாத நாள் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினாள், கிடைக்கவில்லை. அந்தப் பெண் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதை மேடை போட்டுக் காட்டப்போகிறாள், இனி மாற்றி எழுத முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

விழா அன்று கண்ணாடிக்கடையில் கூட்டம், அவரால் வர முடியவில்லை. வேனை நிறுத்திவிட்டு இவள் மட்டும் உள்ளே போனாள். உட்கார மனமில்லாமல் கதவோரம் நின்றுகொண்டாள். திரை விலகியது. ரேடியோ தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் குட்டி வந்தாள்.

காக்கிச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். வந்தவள் நேராக மேசையைச் சுற்றி வந்து நாலு காலையும் ஒரு உதை விட்டாள். அரங்கில் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் பத்து, அப்புறம் வேனில் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். "கூட்டு கூட்டு, பேச்சு அப்புறம்!" என்று குட்டி கத்தினாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது! வீட்டில் இருமுகிற பெண்ணா இது? மைக் கீச்சிட்டது. பின்னால் நின்ற வேன் அக்காவைத் தேடித் தலைகள் திரும்பின. யாரோ கை காட்டினார்கள். அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆனாலும் ஒரு பக்கம் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, அவ்வளவு அச்சு அசலாக இருந்தாள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. சித்தி அதட்டுகிறாள், ரேடியோ அழுகிறாள். சித்தி துணி மூட்டையை வீசுகிறாள், ரேடியோ இன்னும் சத்தமாக அழுகிறாள். முன் வரிசைச் சின்னப் பிள்ளைகள், "கெட்ட சித்தி! கெட்ட சித்தி!" என்று கத்த ஆரம்பித்தார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்துக் கத்தினார்கள். வேன் அக்கா கதவுப் பிடியில் கை வைத்தாள். விருந்து முடிந்தது, மின்சாரம் போனது, கண்ணாடி தொலைந்தது, அவள் வெளியே போகவும் இல்லை, உள்ளே பார்க்கவும் இல்லை.

லாரி கண்ணாடியை ஏந்திக்கொண்டு வந்து மேடைக் கதவைத் தட்டினான். சித்தியின் சொந்தப் பெண்களாக நடித்த இருவரும் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தூணில் முட்டிக்கொண்டாள், ஒருத்தி பலகையைத் தலைகீழாகப் படித்தாள். லாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான்.

"இந்த வீட்டில் வேறு பெண் யாராவது இருக்கிறார்களா?"

யாரும் இல்லை என்று சித்தி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ரேடியோவை அறைக்குள் பூட்டச் சாவியை எடுக்க வேண்டும். குட்டி பேசவில்லை. சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"யாரும் இல்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்து மிஸ் கிசுகிசுத்தார். அதை மைக் பிடித்துக்கொண்டது. "சொல்லு, யாரும் இல்ல, யாரும் இல்ல!" அரங்கம் சிரித்தது.

"இருக்கா" என்றாள் குட்டி.

லாரிக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

"இருக்கா. உள்ள இருக்கா. எம் பொண்ணு." அவள் உள்பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். "ஏய் குட்டி! வெளிய வாம்மா! உன் கண்ணாடி வந்திருக்கு!"

யாரும் வரவில்லை. உள்ளே பூட்டப்படுவதற்காகக் காத்திருந்த ரேடியோவுக்குக் குட்டி என்று யாரையும் தெரியாது. நாடகத்திலும் அப்படி ஒரு பெயர் இல்லை. அந்த அரங்கம் முழுவதிலும் அந்தப் பெயர் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள். அழுகையும் அவளுக்கு மெதுவாக வராது. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆயிற்றோ என்று எழுந்துவிட்டார்கள். மேடையில் ரேடியோவை யாரோ பிடித்து வெளியே தள்ளினார்கள். "நான் குட்டி இல்லையே!" என்று அவள் மைக்கிலேயே சொன்னாள். சிரிப்பும் கைதட்டலும் கலந்து, மிஸ் தலையில் கை வைத்துக்கொள்ள, ரேடியோ பலகையைப் படித்து, கண்ணாடியை வாங்கிக்கொண்டு, கதை ஒருவழியாக முடிந்தது.

வேனில் ஒரே ரகளை. "ஏண்டி மாத்தின?" என்று ரேடியோ கொதித்தாள். "கதவைத் தட்டித் தட்டி அழறதுக்கு நான் எவ்ளோ நாளா ப்ராக்டிஸ் பண்ணேன்! யாரும் இல்லைன்னுதானே சொல்லணும்?"

"எங்க சித்தி அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றாள் குட்டி. சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"உனக்குச் சித்தி இருக்காங்களா? அம்மாவோட தங்கச்சியா?"

"இல்ல. எங்க அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட சித்தி."

சாவியைத் திருகப் போன வேன் அக்காவின் கை அப்படியே நின்றது.

"எங்க இருக்காங்க?" என்று லாரி கேட்டான்.

"டெய்லி அவங்க வண்டியிலதானே வர்றீங்க?"

எல்லாத் தலைகளும் முன்பக்கம் திரும்பின. ரேடியோ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கடைசியில் ஒரு பொடிசு, பயந்துகொண்டே கேட்டது.

"சூடு வைப்பாங்களா?"

"கத்துவாங்க. அவ்ளோதான்." குட்டி நடைபாதையில் நடந்து வந்து ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடுங்க சித்தி. பசிக்குது."